மகள் ‘நல்லவர்’ என்று மட்டும் எழுதுகிறாள்: பதில்

வணக்கம் மேடம். எட்டாவது படிக்கும் மகள் கதையைச் சரளமாகப் படிக்கிறாள், ஆனால் பாத்திரப் பண்பு கேட்டால் ‘நல்லவர்’ என்று முடித்துவிடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அவள் அப்படியே எழுதட்டும். ‘எந்த வரியை வைத்துச் சொல்கிறாய்?’ என்று மட்டும் அடுத்துக் கேளுங்கள். வரி கிடைக்காவிட்டால் அவளே பதிலை மாற்றுவாள்.

சென்னையில்தானே இருக்கிறீர்கள், மெரினா கண்ணகி சிலைக்குக் கூட்டிப்போய், சிலப்பதிகாரத்தில் அவள் பாண்டிய மன்னனிடம் நீதி கேட்கும் வழக்குரை காதையைச் சொல்லுங்கள். கண்ணீரோடு நிற்பவள் சிலம்பை உடனே காட்டுவதில்லை. புறாவுக்காகத் தன்னையே தந்தவன், கன்றை இழந்த பசுவுக்காக மகனைத் தேர்க்காலில் இட்டவன் என்று சோழ மன்னர்களை முதலில் சொல்கிறாள். ஏன் என்று மகளைக் கேளுங்கள். ‘நீ எப்படிப்பட்ட அரசன்?’ என்ற கேள்வி அதில் ஒளிந்திருப்பதை அவளே கண்டுபிடிக்க வேண்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அப்புறம்தான் சிலம்பு உடைகிறது, அரசியின் சிலம்பில் உள்ள முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறிக்கிறது.

பாண்டியனையும் விடாதீர்கள். கொல்லன் பேச்சை விசாரிக்காமல் நம்பியவன், தவறு தெரிந்ததும் தானே கள்வன் என்று உயிர்விட்டவன். இவனுக்கு ‘நல்லவர்’ போதாது.

விளம்பரங்களிலும் பழக்கலாம். தி.நகர் நகைக்கடைப் பலகையில் ‘சேதாரம் குறைவு’ என்றிருந்தால், எதைவிடக் குறைவு என்று அவளைக் கேட்கச் சொல்லுங்கள்.