எங்கள் ஊர்ச் சாலையை மக்களே சேர்ந்து பராமரிக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். ஆனால் குழியை மூடுவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். மழைநீர் வடிய வழி செய்வதை முதலில் எடுங்கள். காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள எங்கள் ஊரில் இந்த வரிசையை மாற்றிச் செய்து ஒரு மழைக்காலம் முழுவதும் அவதிப்பட்டோம்.

பேருந்துச் சாலையிலிருந்து ஊருக்குள் வரும் ஒன்றரை கிலோமீட்டர் தார்ச்சாலைதான் எங்களுக்கு உள்ள ஒரே வழி. தலைக்கட்டுக்கு 300 ரூபாய் வரி போட்டு, டிராக்டரில் செம்மண்ணும் வீடு இடித்த கட்டடக் கழிவும் கொண்டுவந்து குழிகளில் கொட்டி மட்டம் செய்தோம். ஐப்பசி அடைமழை பிடித்த மூன்றாம் நாளே அந்த மண் சேறாகி, பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போன பிள்ளைகள் வழுக்கி விழுந்தார்கள். மழை ஓய்ந்தபோது குழிகள் முன்பைவிட அகலமாகியிருந்தன.

மறு ஆண்டு, சாலைப் பணியாளராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்களை அழைத்துப்போய், ஒரு குடம் தண்ணீரைச் சாலையின் நடுவில் ஊற்றச் சொன்னார். தண்ணீர் ஓரம் வரை ஓடியது; அங்கே புல் மண்டிக் கிடந்த மண்திட்டில் முட்டித் தாரின் விளிம்பிலேயே தேங்கி நின்றது. அந்தத் திட்டு தாரைவிட நான்கு விரற்கடை உயர்ந்திருந்ததை அன்றுதான் நாங்கள் கவனித்தோம். இப்படித் தேங்கும் நீர் விரிசல்களின் வழியே அடியிலுள்ள ஜல்லிப் படுகைக்கு இறங்கி அதை நெகிழ்த்திவிடுகிறது என்றும், அந்த நிலையில் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று போனாலே தார் உடைந்துவிடும் என்றும் அவர் விளக்கினார். சாலையை நடுவில் உயர்த்தி இருபுறமும் சரிவாகப் போடுவதே நீர் நிற்காமல் ஓடத்தான். மண் சாலை என்றால் மீட்டருக்கு நான்கு முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை சரிவு வேண்டும்.

அந்தப் புரட்டாசியில் வீட்டுக்கு ஒருவராக மண்வெட்டியோடு இறங்கி, ஓரத் திட்டைத் தாருக்குக் கீழே வரும்படி செதுக்கி, பத்தடிக்கு ஒன்றாக வடிகால் வெட்டி, சிறுபாலத்தின் குழாயை அடைத்திருந்த நெய்வேலிக் காட்டாமணக்கை வேரோடு பிடுங்கினோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை முடிந்தது. செலவு என்று பார்த்தால் தேநீருக்கும் சாப்பாட்டுக்கும் ஆனதுதான். அந்த ஆண்டு மழையில் புதிய குழி ஒன்றுகூட விழவில்லை.

தார் போடும் வேலையை மட்டும் ஊர் மக்கள் கையில் எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. குழியின் ஓரங்களைச் செங்குத்தாக வெட்டி, தளர்ந்ததை அள்ளி, தூசி போகக் கூட்டி, தார் பூசி, கலவை நிரப்பி இறுக்க வேண்டும். இதற்குக் கருவியும் பழகிய கையும் தேவை. ஆபத்தான குழியை அவசரத்துக்கு அடைக்க வேண்டியிருந்தால் ஜல்லியும் கிரஷர் தூளும் (கல் உடைக்கும்போது வரும் தூள்) கலந்து போட்டுத் திமிசுக் கட்டையால் நன்றாக இடித்து இறுக்குங்கள், களிமண்ணைக் கொட்டாதீர்கள்.

நிரந்தர வேலைக்கு முதலில் அந்தச் சாலை ஊராட்சியுடையதா, ஊராட்சி ஒன்றியத்துடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஓரத்தில் பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டப் பலகை இருந்தால் தேதியைப் பாருங்கள். அத்திட்டத்தில் வேலை முடிந்த பிறகு ஐந்து ஆண்டுகளுக்குப் பராமரிப்பு ஒப்பந்ததாரரின் பொறுப்பு என்பதால் ஊர்ப் பணத்தைச் செலவழிக்கத் தேவையில்லை. மற்ற ஊர்ச் சாலைகளுக்குக் கிராம சபையில், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எத்தனை மீட்டர் என்று குறிப்பிட்டுத் தீர்மானம் எழுதச் செய்து, அதன் நகலோடு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் மனு கொடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடுகிறது. 'சாலை மோசம்' என்று பொதுவாகச் சொல்லும் மனுவைவிட, அளவோடு எழுதிய மனுவுக்கு மதிப்பீடு போடுவது பொறியாளருக்கும் எளிது.

நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் எஞ்சியதை அரசு தருகிறது. நல்ல திட்டம்தான். ஆனாலும் கூலி வேலையை நம்பி வாழும் தெருக்களில் அந்தத் தொகையைத் திரட்டச் சொல்வது நியாயமாக எனக்குப் படவில்லை; பணம் கட்ட முடியாத தெருவுக்கும் முழு அரசு நிதியில் நல்ல சாலை கேட்கும் உரிமை உண்டு. நாங்கள் அந்தத் தெருவுக்குத்தான் முதல் தீர்மானம் போட்டோம்.

எங்களுக்கு மிகக் கடினமாக இருந்தது, வீட்டு வாசலில் சாய்தளம் கட்டி வடிகாலை மூடியவர்களிடம் பேசியதுதான். இடிக்கச் சொன்னால் சண்டை வரும் என்பதால், அடியில் குழாய் பதித்துத் தருவதாகச் சொல்லி ஒவ்வொரு வீடாகப் போனோம். பெரும்பாலானோர் சம்மதித்தார்கள். இன்னும் இரண்டு வீடுகள் மீதம் இருக்கின்றன; அந்த வாசல்களுக்கு எதிரில்தான் இந்த ஆண்டும் தார் பெயர்ந்திருக்கிறது.