செரெங்கெட்டி, மசாய் மாரா சஃபாரிக்கு எந்த மாதம் சிறந்தது? கோடை விடுமுறையில் குழந்தைகளுடன் போகலாமா?

கோடை விடுமுறைதான் வசதி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஏப்ரல் மாதத்தையும், மே மாதத்தின் பெரும்பகுதியையும் விட்டுவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். நமக்கு வெயில் கொளுத்தும் அந்த வாரங்களில்தான், சுவாகிலி மொழியில் 'மசிகா' என்று சொல்லப்படும் நீண்ட மழைக்காலம், மசாய் மாரா காப்பகம் இருக்கும் கென்யாவிலும் அதை ஒட்டி செரெங்கெட்டி தேசியப் பூங்கா இருக்கும் தான்சானியாவிலும் நடந்துகொண்டிருக்கும். மாராவின் பல பகுதிகளில் இருப்பது நம் கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலைப் போன்ற கரிய களிமண். நனைந்த கரிசலில் வண்டி ஓட்டியவர்களுக்கு அதன் பிடி எப்படிப்பட்டது என்று தெரியும். நான்கு சக்கரமும் இழுக்கும் லேண்ட் குரூசர்கூட அச்சு வரை புதைந்து நின்றுவிடும். புல் ஆளுயரம் வளர்ந்துவிடுவதால், பத்தடி தூரத்தில் சிங்கம் படுத்திருந்தாலும் கண்ணில் படாமல் போகலாம். பல முகாம்களை அப்போது மூடியே வைத்திருப்பார்கள். அந்த மாதங்களில் கட்டணம் குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுதான். மழைமேகத்தைப் படமெடுக்க விரும்பும் புகைப்படக்காரர்களுக்கு அது நல்ல காலம். சிறு குழந்தைகளுடன் முதல்முறை செல்லும் குடும்பத்துக்கு நல்ல காலம் அல்ல.

எந்த மாதம் சிறந்தது என்று கேட்பதைவிட, எந்த மாதத்தில் மந்தை எங்கே இருக்கும் என்று கேட்பதே அங்கே பயன்படும். மாட்டைப் போன்ற கொம்பும் தாடியும் கொண்ட, இரலை இனத்தைச் சேர்ந்த வில்டபீஸ்ட் ஏறக்குறைய 13 லட்சம் அந்தப் பகுதியில் இருக்கின்றன. அவற்றுடன் சுமார் 2 லட்சம் வரிக்குதிரைகளும், பல லட்சம் கெசல் மான்களும் மழையைத் தொடர்ந்து ஆண்டு முழுவதும் வட்டமாக நகர்கின்றன. பொதுவாக டிசம்பர் முதல் மார்ச் வரை செரெங்கெட்டியின் தெற்குச் சமவெளியிலும், மே, ஜூனில் மேற்கே குருமெட்டி ஆற்றுப் பக்கத்திலும், ஜூலை இறுதியிலிருந்து அக்டோபர் வரை வடக்கே மாரா ஆற்றின் இரு கரைகளிலும் அவை இருக்கும். மழை முந்தினாலும் பிந்தினாலும் இந்தக் கணக்கு இரண்டு மூன்று வாரம் முன்பின் ஆகும்.

நான் இரண்டு முறை சென்றிருக்கிறேன். முதல் முறை, எல்லோரும் சொல்வதைக் கேட்டு ஆகஸ்டில் மாராவுக்குப் போனேன். மந்தை ஆற்றைக் கடப்பதைப் பார்ப்பதுதான் நோக்கம். காலை ஒன்பது மணிக்குக் கரையில் போய் நின்றோம். எதிர்க்கரையில் ஆயிரக்கணக்கில் கூடி நின்ற வில்டபீஸ்ட்கள் விளிம்பு வரை இறங்கி வருவதும், ஏதோ ஒன்று மிரள, புழுதி கிளம்ப எல்லாமே திரும்பி ஓடுவதுமாக நான்கு மணி நேரம் கழிந்தது. கரையில் முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் நின்றன. கடைசியில் ஒன்று குதித்ததும், பின்னாலேயே மொத்த மந்தையும் தண்ணீரில் விழுந்தது. அந்த இருபது நிமிடங்கள் மறக்கவே முடியாதவை. ஆயினும் குழந்தைகளை அழைத்துச் செல்பவர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: முதலை பிடிப்பவற்றைவிட, நெரிசலில் மூழ்கிச் சாகும் விலங்குகள் மிக அதிகம். மாரா ஆற்றில் ஆண்டுக்குச் சராசரியாக 6,000-க்கும் மேற்பட்டவை அப்படி இறக்கின்றன. வளைவுகளில் உடல்கள் குவிந்து கிடக்க, அவற்றின் மேல் கழுகுகளும் மராபு நாரைகளும் உட்கார்ந்திருப்பதை நாங்கள் பார்த்தோம்.

இரண்டாம் முறை பிப்ரவரியில், செரெங்கெட்டிக்குத் தெற்கே நிடுட்டு என்னும் இடத்துக்குச் சென்றேன். என்னைக் கேட்டால், வாய்ப்புள்ளவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டிய மாதம் இதுதான். மே, ஜூனில் இணை சேரும் வில்டபீஸ்ட்களுக்குக் கர்ப்பகாலம் ஏறத்தாழ எட்டரை மாதம். எனவே ஜனவரி இறுதிக்கும் மார்ச் நடுவுக்கும் இடைப்பட்ட சில வாரங்களிலேயே பெரும்பாலான கன்றுகள் பிறந்துவிடுகின்றன. கழுதைப்புலிகளும் சிங்கங்களும் எவ்வளவு தின்றாலும் தீர்க்க முடியாத எண்ணிக்கையில் ஒரே சமயத்தில் பிறப்பதுதான் அந்தக் கன்றுகளுக்குப் பாதுகாப்பு.

தாய்கள் அங்கே வருவதற்கு மண்ணும் ஒரு காரணம். அருகிலுள்ள எரிமலைகள் காலங்காலமாக உமிழ்ந்த சாம்பல் படிந்த நிலம் அது. மேல்மண்ணுக்கு அடியில் அந்தச் சாம்பல் இறுகிக் கெட்டித் தளம் போல ஆகிவிட்டதால் மர வேர் இறங்குவதில்லை. குட்டைப்புல் மட்டுமே வளர்கிறது. சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் நிறைந்த அந்தப் புல், பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்ற தீவனம். மறைவிடம் இல்லாத வெட்டவெளி என்பதால் பதுங்கி வரும் விலங்கையும் தூரத்திலேயே கண்டுகொள்ளலாம். ஆனால் வற்றாத நீர் அங்கே இல்லாததால், மழை நின்றதும் மந்தை கிளம்பித்தான் ஆக வேண்டும்.

ஒரு காலையில் எங்கள் வண்டியிலிருந்து முப்பதடி தூரத்தில் ஒரு தாய் படுத்தும் எழுந்தும் தவித்துக்கொண்டிருந்தது. முதலில் இரண்டு குளம்புகள் வெளியே தெரிந்தன. பிறகு ஈரம் சொட்டச் சொட்ட இளம்பழுப்புக் கன்று ஒன்று தரையில் விழுந்தது. நான்கு முறை எழ முயன்று நான்கு முறையும் முகம் குப்புற விழுந்து, ஐந்தாவது முறை நின்றேவிட்டது. எங்கள் ஓட்டுநர் கடிகாரத்தைக் காட்டினார்: ஏழு நிமிடம். சற்று நேரத்தில் தாயின் விலாவை ஒட்டி அது ஓடத் தொடங்கியது. அன்றே மதியம் தாயைத் தவறவிட்ட வேறொரு கன்று கத்திக்கொண்டே எங்கள் வண்டியை நோக்கி வந்தது. அசையும் எதையும் தாய் என்று நம்பிப் பின்தொடரும் வயது அது. ஓட்டுநர் உடனே எஞ்சினை நிறுத்தி, யாரும் அசையக் கூடாது என்று கையைக் காட்டினார். அரை மணி நேரம் மூச்சடக்கி உட்கார்ந்திருந்தோம். பிறகு தூரத்தில் ஒரு மந்தை நகர்வதைக் கண்டு அந்தப் பக்கம் ஓடியது. அதன் தாய் அங்கே இருந்ததா என்று தெரியவில்லை. இப்போதும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிப்ரவரியில் பள்ளி நடக்கும். குழந்தைகள் சிறு வகுப்பில் இருந்து, ஒரு வாரம் விடுப்பு எடுக்க முடியுமானால் தயங்காமல் நிடுட்டுக்குச் செல்லுங்கள். அது முடியாதென்றால், கோடை விடுமுறையை மறந்துவிட்டுக் காலாண்டுத் தேர்வு விடுமுறையைப் பாருங்கள். செப்டம்பர் கடைசி வாரத்தில் மாரா வறண்டு, புல் குட்டையாக, மந்தைகள் இன்னும் வடக்கிலேயே இருக்கும். ஆகஸ்ட் மாதத்து நெரிசலும் ஓரளவு குறைந்திருக்கும். செலவு மட்டும் கூடுதல்: 2024 முதல் மசாய் மாரா காப்பகத்தில் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கான நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். அரையாண்டு விடுமுறையில் போனால், நவம்பர், டிசம்பரில் பெய்யும் குறுகிய மழையின் கடைசி நாட்களில் தெற்கே வந்துகொண்டிருக்கும் மந்தைகளைக் காணலாம். கன்றுகள் இராது, கிறிஸ்துமஸ் நேரத்து விலை இருக்கும்.

மே மாதம்தான் கிடைக்கும் என்றால் கிழக்கு ஆப்பிரிக்காவை விட்டுத் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குப் போங்கள். அங்கே அக்டோபர், நவம்பரில் தொடங்கும் மழை ஏப்ரலில் ஓய்ந்துவிடும். மே மாதத்தில் வானம் தெளிந்து, புதர்கள் இலையுதிர்க்கத் தொடங்கி, விலங்குகள் நீர்நிலைகளை நாடி வரும். முக்கியச் சாலைகள் தார்ச் சாலைகள். வாகனங்கள் நம் ஊரைப் போலவே இடப்பக்கம் செல்வதால், வாடகைக் கார் எடுத்து நீங்களே ஓட்டிக்கொண்டு போகலாம்.

கென்யா அல்லது தான்சானியா என்று முடிவானால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகே சான்றிதழ் செல்லும். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் அதைக் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம் என்பது விதி. மலேரியா மாத்திரை பற்றி, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, மருத்துவரிடம் கேளுங்கள். விடியற்காலைப் பயணத்துக்குக் கம்பளிச் சட்டை வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் என்றாலும் மாரா 1,500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் திறந்த வண்டியில் குளிர் எலும்பு வரை இறங்கும். நீலமும் கறுப்பும், கடித்து ரத்தம் உறிஞ்சும் செட்சி ஈக்களை ஈர்க்கும் நிறங்கள் என்பதால் அந்த நிற உடைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பல ஊர்களைத் தொட்டுவிட்டு ஓடும் திட்டத்தை ஏற்காமல், மாராவுக்குப் போவதானால் ஆற்றுக்கு அருகில் ஒரே முகாமில் குறைந்தது மூன்று இரவுகள் தங்குங்கள்; முதல் நாள் மந்தை இறங்காமல் திரும்பிப் போனாலும், மறுநாள் காலையில் மீண்டும் அதே கரையில் போய் நிற்க முடியும்.