ஒரே டிரைவர், மூன்று உணரிகள்

கேள்வி: காற்றழுத்தம் அளக்கும் பிஎம்பி180 உணரிக்காக நாங்கள் எழுதிய டிரைவரிலேயே (உணரியை இயக்கும் நிரலிலேயே), பின்னர் பிஎம்பி280, பிஎம்இ280 ஆகியவற்றையும் சேர்த்தோம். இப்போது ‘இது எந்த உணரி’ என்று சோதிக்கும் நிபந்தனைகள் நிரல் முழுவதும் பரவிவிட்டன. மூன்றுக்கும் தனித்தனி டிரைவர் எழுதிவிடலாமா?

பதில்: வேண்டாம். மூன்று உணரிகளை ஓரிடத்தில் வைத்தது தவறன்று. ஒரே கேள்வியை நூறு இடங்களில் கேட்பதே தவறு. டிரைவர் தொடங்கும்போது ஒருமுறை மட்டும் கேளுங்கள். உணரிக்குள் பதினறும (16 அடிமான) முகவரி டி0 கொண்ட ரெஜிஸ்டரை, அதாவது சிறு நினைவிடத்தைப் படித்தால், பிஎம்பி180 பதினறும எண் 55 என்றும், பிஎம்பி280 58 என்றும், பிஎம்இ280 60 என்றும் தன்னை அடையாளம் காட்டும்.

அந்த எண்ணைக் கொண்டு ஓர் அட்டவணையில் உரிய வரிசையைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அதன்பின் நிரலின் எந்தப் பகுதியும் உணரியின் பெயரை அறிய வேண்டியதில்லை. ரெஜிஸ்டர் முகவரி, காத்திருக்கும் நேரம் போன்ற வேறுபாடுகள் அந்த வரிசையில் வெறும் எண்களாக அமர்ந்துவிடும். எண்ணாக எழுத முடியாத வேறுபாடுகளுக்கு மட்டும், எந்த ஃபங்ஷனை அழைக்க வேண்டும் என்று சுட்டும் ஃபங்ஷன் பாயின்டர் வையுங்கள். பிஎம்பி180-இல் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் தனித்தனியே அளக்கச் சொல்லிக் காத்திருக்க வேண்டும். உணரி தரும் எண்ணைச் சரியான அளவீடாக மாற்றும் திருத்தக் கணக்கும் வேறு. ஆகவே அதற்குத் தனி ஃபங்ஷன்கள் தேவை. பிஎம்இ280-க்கோ, பிஎம்பி280-இன் வெப்பநிலை, அழுத்தக் கணக்குகளே அப்படியே பொருந்தும். ஈரப்பதத்துக்கு ஒரு ஃபங்ஷன் கூடும், அவ்வளவுதான். லினக்ஸ் கெர்னலில் உள்ள டிரைவரும் இந்த மூன்றையும் ஒன்றாகவே கையாள்கிறது.

ஈரப்பதம் உண்டா என்று அறியவும் பெயரைப் பார்க்காதீர்கள். அந்த ஃபங்ஷன் அட்டவணையில் இருந்தால் உண்டு, இல்லையெனில் இல்லை.

அட்டவணை எல்லா உணரிகளுக்கும் பொது என்பதால் அது மாறாததாக இருக்கட்டும். ஒவ்வோர் உணரியின் திருத்தக் கெழுக்களும் (திருத்தக் கணக்கில் பயன்படும் எண்களும்) தொழிற்சாலையிலேயே அதற்கென எழுதப்பட்டவை. அவற்றைப் பொது மாறியில் வைத்தால், ஒரே பலகையில் இரண்டாவது உணரியைப் பொருத்திய அன்றே முதல் உணரியின் அளவீடு பிழையாகும். இது பலரும் வழுக்கும் இடம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

உணரியோடு தரவைப் பரிமாறும் ஐ2சி, எஸ்பிஐ என்ற இரு இணைப்பு முறைகளின் வேறுபாட்டை இந்த அட்டவணையில் கலக்க வேண்டாம். பிஎம்பி180 ஐ2சி மட்டுமே அறியும், மற்ற இரண்டும் இரண்டையும் அறியும். படிப்பதும் எழுதுவதும் தனி அடுக்கில் இருந்தால் மேலுள்ள நிரலுக்கு இது தெரியவே தேவையில்லை.

புதிய உணரிக்காக எல்லா ஃபங்ஷன்களையும் புதிதாகவே எழுத நேர்ந்தால், அப்போது தனி டிரைவர் எழுதுங்கள்.