பதில்: புதிதாகச் செய்த பேட்ச் கேபிளில் சத்தம் மங்குகிறது

நீங்களே செய்த பேட்ச் கேபிள்களில் (கிடார் பெடல்களை இணைக்கும் குட்டைக் கேபிள்கள்) சால்டர் (ஈயப் பற்று) எல்லாம் பளபளவென்று இருந்தும் ஒன்றில் மட்டும் சத்தம் அமுங்கி வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் உள்ளே இருக்கும் கறுப்பு உறை மேல்தான். பல கிடார் கேபிள்களில் கிரவுண்டாக இருக்கும் வெளிப் பின்னல் கம்பிக்கு அடியில் மெல்லிய கறுப்பு பிளாஸ்டிக் ஒன்று இருக்கும். பார்த்தால் சாதாரண இன்சுலேஷன் மாதிரிதான் தெரியும், ஆனால் அது மின்சாரம் கடத்தும். கேபிள் அசையும்போது வரும் கரகரப்பைக் குறைக்க அதை வைக்கிறார்கள். அது சிக்னல் போகும் நடுக் கம்பியைத் தொட்டால் சிக்னலில் ஒரு பகுதி கிரவுண்டுக்குக் கசிந்துவிடும்.

மல்ட்டிமீட்டரை பீப்பில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் சோதனை) வைத்துப் பார்த்தால் இது அகப்படாது. ஓம்ஸில் வைத்து, கேபிளை எதிலும் செருகாமல், பிளக்கின் டிப்புக்கும் (முனை) ஸ்லீவுக்கும் (அடிப்பக்க உலோகக் குழல்) நடுவே அளந்து பாருங்கள். எந்த அளவும் காட்டக் கூடாது. கிலோஓம் கணக்கில் ஏதாவது காட்டினால் இதேதான்.

சரி, என்ன செய்வது? சால்டரை எடுத்துவிட்டு, கறுப்பு உறையை உள் இன்சுலேஷனின் விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டராவது பின்னால் தள்ளி, பிளேடால் சுற்றிக் கீறி உரித்துவிடுங்கள். உள் இன்சுலேஷனில் வெட்டு விழக்கூடாது, மெதுவாகச் செய்யுங்கள். அப்புறம் மறுபடி சால்டர் செய்யும்போது சூட்டை நீண்ட நேரம் வைக்காதீர்கள். இன்சுலேஷன் உருகினால் பின்னல் நடுக் கம்பியில் ஒட்டி, சத்தமே வராது.