ஹேஷ் மட்டும்தான் மாறுகிறதா?

வணக்கம். ஒரே கோட், ஒரே கம்பைலர். ஆனால் என் மெஷினில் உருவாகும் ஸ்டேட்டிக் லைப்ரரிக்கு (பல ஆப்ஜெக்ட் ஃபைல்களைச் சேர்த்துக் கட்டிய ஒரே ஃபைல்) ஒரு ஹேஷ் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்), பில்ட் சர்வரில் உருவாகும் லைப்ரரிக்கு வேறு ஹேஷ். ஒவ்வொரு சோர்ஸ் ஃபைலையும் கம்பைல் செய்து கிடைக்கும் ஆப்ஜெக்ட் ஃபைல்களைத் தனித்தனியாக ஒப்பிட்டேன், எல்லாம் ஒன்றாகவே இருக்கின்றன. 'ஓடுகிறதல்லவா, விடு' என்கிறார் டீம் லீட். விட்டுவிடலாமா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

விட்டுவிடாதீர்கள். ஆப்ஜெக்ட் ஃபைல்களை ஒப்பிட்டதிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. இனி இரண்டு லைப்ரரிகளிலும் 'ஏஆர் டி' (ar t, உள்ளே இருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும்) கமாண்டை ஓட்டி, வருகிற பட்டியல்களை டிஃப் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர்கள் அதேதான், வரிசை மட்டும் வேறு என்று வருவதற்கே வாய்ப்பு அதிகம். வரிசையும் ஒன்றாக இருந்தால் லைப்ரரியைக் கட்டும்போது ஏஆர் பதிந்து வைக்கும் நேரம், பயனர் எண் ஆகியவைதான் வித்தியாசம். கட்டும்போது ஏஆருக்குப் பெரிய 'டி' (D) ஆப்ஷன் கொடுத்தால் அவை பூஜ்யமாகிவிடும், விஷயம் முடிந்தது.

வரிசை எங்கே மாறுகிறது? மேக்ஃபைலில் (பில்ட் செய்யும் 'மேக்' புரோகிராமுக்கான குறிப்புகள்) சோர்ஸ் ஃபைல்களை வைல்ட்கார்ட் ('*.c' போல) வைத்து அள்ளுகிறீர்களா என்று முதலில் பாருங்கள். ஒரு டைரக்டரியில் என்னென்ன இருக்கின்றன என்று கேட்டால், ஃபைல் சிஸ்டம் தனக்கு வசதியான வரிசையில்தான் சொல்லும். லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் பெரும்பாலும் பெயர்களின் ஹேஷ்படி சொல்கிறது, அந்த ஹேஷுக்கு அடிப்படையான எண் டிஸ்க்கை ஃபார்மேட் செய்யும்போது போடப்படுவது என்பதால் இரண்டு மெஷின்களில் ஒரே வரிசை வரும் என்று எதிர்பார்க்கவே முடியாது. முன்பெல்லாம் குனு மேக் வைல்ட்கார்டில் கிடைக்கும் பட்டியலை வரிசைப்படுத்திக் கொடுத்துவந்தது. 2010-இல் வந்த 3.82 அதை நிறுத்தியது, 2020-இல் வந்த 4.3 திரும்பக் கொண்டுவந்தது. உங்களிடம் புதிய மேக், சர்வரில் இடைப்பட்ட காலத்து மேக் என்றால் இப்படித்தான் ஆகும்.

வைல்ட்கார்டைச் சுற்றி ஒரு சார்ட் (sort, வரிசைப்படுத்துவது) போட்டால் போதும். ஷெல்லில் ஃபைண்ட் வைத்துத் தேடி சார்ட்டுக்கு அனுப்புகிறீர்கள் என்றால் எல்சி_ஆல் (LC_ALL) மதிப்பை 'சி' (C) என்று வைத்துவிடுங்கள், இல்லையென்றால் லோக்கேல் (மொழி, நாட்டு அமைப்பு) மாறும்போது பெரிய எழுத்து, சிறிய எழுத்து வரிசையும் மாறும். என்னைக் கேட்டால் ஃபைல் பெயர்களைக் கையாலேயே எழுதி வைப்பது இன்னும் நல்லது, புதிய ஃபைல் சேர்வது ரிவ்யூவிலேயே கண்ணில் படும்.

சரி, டீம் லீட் சொல்வதற்கு வருவோம். மாறுவது ஹேஷ் மட்டுமல்ல. இரண்டு ஆப்ஜெக்ட் ஃபைல்களில் ஒரே பெயரில் ஃபங்ஷன் இருந்தால், லைப்ரரிக்குள் முன்னால் இருப்பதை லிங்கர் (எல்லாவற்றையும் இணைத்து புரோகிராமாக்குவது) எடுத்துக்கொண்டு போய்விடும். மற்ற ஃபைல் வேறு தேவைக்காக உள்ளே இழுக்கப்படாத வரை ஒரு எரர்கூட வராது. சி++ என்றால் இன்னும் மோசம். வெவ்வேறு ஃபைல்களில் உள்ள குளோபல் ஆப்ஜெக்ட்களில் எதன் கன்ஸ்ட்ரக்டர் (அதை உருவாக்கும் ஃபங்ஷன்) முதலில் ஓடும் என்று ஸ்டாண்டர்ட் சொல்வதில்லை, நடைமுறையில் பெரும்பாலும் லிங்க் ஆன வரிசைதான் அதைத் தீர்மானிக்கிறது. லாக் எழுதும் ஆப்ஜெக்ட் (லாக்கர்) உருவாவதற்கு முன்பே அதை இன்னொரு கன்ஸ்ட்ரக்டர் கூப்பிட்டால் சர்வரில் மட்டும் கிராஷ் ஆகும், உங்கள் மெஷினில் எத்தனை முறை ஓட்டினாலும் பிடிபடாது. இதைத்தான் அவரிடம் காட்ட வேண்டும்.

சார்ட் போட்டபின் டிஸ்ஆர்டர்எஃப்எஸ் (disorderfs) என்ற ஃபைல் சிஸ்டம் வழியாக சோர்ஸ் டைரக்டரியை மவுண்ட் செய்து ஒருமுறை பில்ட் செய்து பாருங்கள். ஒரே கோடிலிருந்து எங்கே பில்ட் செய்தாலும் ஒரே ஃபைல் வர வேண்டும் என்று உழைக்கும் ரீப்ரொடியூசிபிள் பில்ட்ஸ் திட்டத்தினர் எழுதியது, டைரக்டரி வரிசையை வேண்டுமென்றே கலைத்துக் கொடுக்கும். அப்போதும் ஹேஷ் மாறவில்லை என்றால் வரிசைப் பிரச்சினை தீர்ந்தது. அப்புறம் சோர்ஸ் ஃபைல் பட்டியலைத் தலைகீழாக்கி ஒரு பில்ட் எடுத்து டெஸ்ட்களை ஓட்டுங்கள். அதில் ஏதாவது விழுந்தால் எனக்கு எழுதுங்கள், அந்த கன்ஸ்ட்ரக்டர்களைச் சேர்ந்தே பார்ப்போம்.