தோட்டப்புறக் கலைஞர்களின் படைப்புகளில் ஒரே வகை அனுபவங்கள் திரும்பத் திரும்ப வருவது ஏன்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ரப்பர் தோட்ட நகரங்களின் தமிழ் எழுத்தாளர்களும் ஓவியர்களும் லயத்தையும் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பால்மரத்தையும் (ரப்பர் மரம்) ஏன் விடுவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இதைக் கற்பனை வறட்சி என்று நான் கருதவில்லை. விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்பு) நின்று, நெற்றி விளக்கோடு மர நிரையில் இறங்கி, உளியால் பட்டையைச் சீவி, மங்கில் (மரத்தில் கட்டிய கிண்ணம்) சேர்ந்த பாலை வாளியில் சுமந்த உடல் நினைவு, பெற்றோர் வழியாகவாவது இவர்களிடம் தங்கியிருக்கிறது. மழை வந்தால் வேலையும் இல்லை, அன்றைய கூலியும் இல்லை என்பதால், அக்கதைகளில் மழை அழகாக மட்டும் பெய்வதில்லை.

இதைவிட ஆழமானது இழப்பு. 1942–43-இல் ஜப்பானியர் 415 கிலோமீட்டர் சயாம் (தாய்லாந்து)–பர்மா ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பெருந்தொகையாகக் கொண்டு சென்றனர், பலர் திரும்பவேயில்லை. அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' நாவல் அந்தத் துயரத்தையே பேசுகிறது. அடுத்து, 1950-களில் தொடங்கிய தோட்டத் துண்டாடல், அதாவது பெரிய தோட்டங்களைச் சிறு துண்டுகளாக விற்றது, பல குடும்பங்களை வேலையும் வீடும் இன்றி நிறுத்தியது, அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல், தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதன் விளைவே. பிறகு ரப்பர் இருந்த இடங்களில் செம்பனை வந்தது, செம்பனை இருந்த இடங்கள் சிலவற்றில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. ஊரே இல்லாமற்போனவருக்கு, ஊரைத் திரும்ப நட்டுப் பார்க்க எழுத்தும் தூரிகையும்தாமே மிஞ்சுகின்றன.

ஆனால் லயத்தைப் பார்த்திராத இளைய தலைமுறை அதையே எழுதும்போது சில இடங்களில் இரவல் வாசனை அடிக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் வளர்ந்த மலிவு விலை அடுக்குமாடி வீடுகளுக்கும் கதைகள் உண்டு.