ஜப்பானியப் பயோனெட்: வெள்ளையா, கறுப்பா?

ஜப்பானியப் படையின் அரிசாகா துப்பாக்கிகளின் முனையில் மாட்டிய கத்தியான 30ஆம் மாதிரி பயோனெட்டைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: சார், என்னிடம் இருப்பதன் அலகு வெள்ளையாகப் பளபளக்கிறது. நண்பருடையது கறுப்பு. எது அசல்?

பதில்: இரண்டுமே அசலாக இருக்கலாம். 1897இல், அதாவது மெய்ஜி 30ஆம் ஆண்டில், இது வந்தபோது அலகை மெருகேற்றி வெள்ளையாகவே விட்டார்கள். வெளிச்சம் பட்டு மின்னி ஆளைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று பிற்பாடு கறுப்பாக்கினார்கள். ஆனால் இரண்டாம் உலகப் போர் முடிந்து நினைவுப்பொருளாக எடுத்துப்போனவர்களில் பலர் அந்தக் கறுப்பைத் தேய்த்தே எடுத்துவிட்டார்கள். குரோம் முலாம் பூசியவர்களும் உண்டு. அதனால் அலகும் கைக்காப்பும் (பிடிக்கு மேலே குறுக்காக இருக்கும் தகடு) சேரும் மூலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். மெருகுச் சக்கரம் அங்கே எட்டாது. மயிரிழை அளவு கறுப்பு ஒட்டியிருந்தால் அது ஒரு காலத்தில் கறுப்பு அலகுதான். அப்புறம் முத்திரையின் மேல் நகத்தை ஓட்டுங்கள். ஓரம் கூராகத் தட்டுப்பட வேண்டும். கரைந்த சோப்புக் கட்டியில் இருக்கும் எழுத்து மாதிரி வழுக்கினால், யாரோ தேய்த்திருக்கிறார்கள்.

கேள்வி: கைக்காப்பில் கொக்கி இல்லை. அறுத்துவிட்டார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை. போரின் பிற்பகுதியில் வேலையைக் குறைக்க, கொக்கி இல்லாமல் நேராகவே செய்தார்கள். அறுத்திருந்தால் அந்த முனையில் மட்டும் நிறம் வேறாக இருக்கும்.

கேள்வி: அலகில் பள்ளமே இல்லை, உறை மரம். கடைக்காரர் போலி என்கிறார்.

பதில்: அவசரப்பட வேண்டாம். அந்தப் பள்ளம் ரத்தம் வடிய அல்ல, எடையைக் குறைக்க. கடைசிக் காலத்தில் அதையும் விட்டுவிட்டார்கள். உறையும் இரும்பிலிருந்து கடைசியில் மரத்துக்கும் மூங்கிலுக்கும் வந்தது. பட்டறையில் விழுந்த கீறல்கள் அலகில் அப்படியே தெரியும். என்னைக் கேட்டால், முரட்டுத்தனம்தான் இவற்றுக்கு அழகு.

கேள்வி: ஐயா, அலகின் அடியில் ஒன்றோடொன்று பின்னிய நான்கு வட்டங்கள் எதற்கு?

பதில்: அடுக்கிய பீரங்கிக் குண்டுகள் அவை. டோக்கியோ ஆயுதசாலையின் முத்திரை. 1923 நிலநடுக்கத்தில் அது சேதமானதால் 1930களில் வேலை கொக்குரா நகர ஆயுதசாலைக்குப் போனது, முத்திரையும் கூடவே போனது. நகோயா ஆயுதசாலையின் முத்திரை, அந்த ஊர்க் கோட்டைக் கூரையில் நிற்கும் ஷாச்சி என்ற கற்பனை மீன் ஜோடி. பக்கத்தில் இன்னொரு குறி இருந்தால் ஒப்பந்தத்தில் செய்துகொடுத்தவருடையது. தறி இயந்திரம் செய்த டொயோடா நிறுவனமும் அவர்களில் ஒன்று.

கேள்வி: துருவை எப்படி எடுப்பது அண்ணா?

பதில்: மெல்லிய எண்ணெய், பழைய பருத்தித் துணி, நிறையப் பொறுமை. உப்புத்தாளைத் தொடாதீர்கள். நான் முதலில் வாங்கியதை ஒரே மதியத்தில் தேய்த்துக் கண்ணாடியாக்கினேன். கைக்காப்பு மூலையில் கொஞ்சம் கறுப்பு மிஞ்சியிருந்ததைச் சாயங்காலம்தான் பார்த்தேன்.